செத்தநேரம் மாஸ்டர்

திண்டுக்கல்லில் செத்தநேரம் மாஸ்டரைப் போல மெதுவாகக் கார் ஓட்டியவர் இதுவரை பிறக்கவில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டில் அவர் வண்டியைக் கிளப்பும்போது பக்கத்தில் நடக்க ஆரம்பித்தவர்கள், மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவரை எதிரில் பார்ப்பார்களாம். அப்படிப்பட்டவர் நடத்தியது டிரைவிங் ஸ்கூல்.

அவருடைய சொந்தப் பெயர் ஸ்கூல் போர்டில்கூடக் கிடையாது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும், பின்னால் லாரிக்காரர் இறங்கி வந்து சண்டை போட்டாலும், அவர் சொல்வது ஒன்றுதான். "செத்த நேரம் பொறு." கொஞ்ச நேரம் என்பதை எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

எனக்குக் காது கேட்காது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச வரும். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வேன். மீதிக் கால்வாசிக்குச் சிரித்துவைப்பேன். எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன். சர்ச்சில் எல்லோரும் முழங்கால் போட்டால் நானும் போடுவேன். கேட்கிறவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும், அதனால் செய்கிறார்கள் என்று நினைத்தே நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேய் எப்படி வரும் என்று மற்றவர்கள் கதையில்தான் கேட்டிருப்பார்கள். எனக்கு மனிதர்கள் எல்லோருமே அப்படித்தான் வருவார்கள். காலடிச் சத்தம் இருக்காது. கதவுச் சத்தம் இருக்காது. திரும்பினால் ஓர் ஆள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் சேவியர், குட்டியானை என்று நாங்கள் சொல்கிற சின்ன லோடு வண்டியில், பன்னும் ரஸ்கும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுவார். கூடவே போய் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு தப்பியது, கால் திரும்பவில்லை. வண்டி வேப்பமரத்தடியில் நின்று, அதன் கண்ணாடி மேலே காக்கை எச்சம் போட ஆரம்பித்தது.

"வண்டிய வித்துருவோம்" என்றார் என் கொழுந்தன்.

"நான் ஓட்டப் பழகுறேன்" என்றேன். எந்த அளவு சத்தத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கொழுந்தன் எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "பின்னாடி ஒரு பிள்ளை கத்துனா, உனக்கு எப்படி மதினி கேக்கும்?"

அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நியாயமான கேள்வி.

இரண்டு டிரைவிங் ஸ்கூலில் முடியாது என்றார்கள். செத்தநேரம் மாஸ்டர் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. காரணம், அவருடைய மீசை. அது முகத்தில் முளைத்ததா, மூஞ்சியை மூடப் போட்ட கூரையா என்று சந்தேகம் வரும். மேலுதடு, பல், பாதிக் கீழுதடு எல்லாம் அதற்குள் போய்விட்டன. பேசும்போது மீசை மட்டும் ஆடும். வழக்கம்போல் சிரித்தேன். சேர்த்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

எனக்குக் கிடைத்தது உச்சி வெயில் நேரம். நட்ட நடுப் பகலில் வெளியே போனால் காத்துக் கருப்பு அண்டும் என்று அந்த நேரத்துக்கு யாரும் வரமாட்டார்கள். என்னோடு வந்தது சுமதி மட்டும். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ், காலை டியூட்டி முடித்து அப்படியே வருவாள். ஒருத்தி ஓட்ட, ஒருத்தி பின் சீட்டில் உட்காருவோம்.

முதலில் மாஸ்டர் ஒரு சிலேட்டும் சாக்பீஸும் கொண்டுவந்தார். 'பிரேக்' என்று அவர் எழுத வேண்டும், நான் பார்த்து மிதிக்க வேண்டும். 'பி' எழுதிக் கொம்பு சுழிப்பதற்குள் வண்டி ஒரு வெங்காயக் கடைக்குள் பாதி நுழைந்திருந்தது. அடுத்து என் இரண்டு முழங்கையிலும் சணல் கயிறு கட்டினார். இடது கயிற்றை இழுத்தால் இடது பக்கம், வலது கயிற்றை இழுத்தால் வலது பக்கம். வண்டி மாடு ஓட்டுகிற பழக்கம் போலிருக்கிறது. அவசரத்தில் ஒருநாள் இரண்டையும் சேர்த்து இழுத்தார். நான் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வணக்கம் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. எதிரே வந்த டிராக்டர்காரர் பதிலுக்கு வணக்கம் வைத்தார்.

ஹாரன் தனிக் கதை. அழுத்தினால் அது அடிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்வரை அழுத்திக்கொண்டே இருப்பேன். நாகல் நகரே திரும்பிப் பார்த்தது.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாதது ஒன்று இருந்தது.

தாடிக்கொம்பு ரோட்டுப் பக்கம் போகும்போது மூன்று இடங்களில் மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவார். ஒரு புளியமரம், ஒரு சின்னப் பாலம், பூட்டிக் கிடந்த ஒரு பஞ்சாலையின் கேட். அங்கே ரோட்டில் ஓர் ஈ காக்கை இருக்காது. வெயில் மட்டும் தார் மேல் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். மாஸ்டர் மீசை ஆடும். 'செத்த' என்பது மட்டும் எனக்குப் பிடிபடும். செத்த நேரம் நில்லு என்கிறார் என்று நிற்பேன். அவர் கண் மட்டும் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெதுவாக நகரும். பிறகு போகலாம் என்று கை காட்டுவார்.

பாலத்தில் சின்னதாக நிறுத்துவார். மரத்தடியில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். பஞ்சாலை கேட்டில்தான் ரொம்ப நேரம். எருக்கஞ்செடி முளைத்த அந்த கேட்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு கூட்டமே தாண்டுகிற மாதிரி, அவர் கண் போய்ப் போய்த் திரும்பும்.

கண்ணாடியில் பார்ப்பேன். பின் சீட்டில் சுமதி கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருப்பாள். சரி, இங்கே ஏதோ சத்தம் வருகிறது, இவர்களுக்குக் கேட்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். சைரனாக இருக்கும், ரயிலாக இருக்கும். கேட்டால் வெட்கம். போகப் போக, மாஸ்டர் மிதிப்பதற்கு முன்னால் நானே அந்த மூன்று இடங்களிலும் நிறுத்தப் பழகிவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். தட்டிக் கொடுத்தார்.

டெஸ்ட் நெருங்கியது. வலது என்றால் இடது போகிற என் பழக்கம் போகவில்லை. ஒருநாள் மதியம் போனால், மாஸ்டர் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். சிறுபிள்ளை மாதிரி வழவழவென்று முகம். மூக்குக்குக் கீழே மட்டும் வெயில் படாத வெள்ளைத் தோல். சிரித்தபோதுதான் தெரிந்தது, மாஸ்டர். கல்யாணத்துக்குக்கூட எடுக்காத மீசையாம்.

"இப்பத் தெரியுதா தாயி, நான் பேசுறது?"

அத்தனை நாளில் நான் முழுதாகப் படித்த முதல் வாக்கியம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கிளம்பினேன். வலது என்றார், வலது போனேன். புளியமரம் வந்தது. நானே நிறுத்தினேன். அவர் உதட்டைப் பார்த்தேன்.

'வ' சொல்லும்போது கீழுதடு மேல்பல்லைத் தொடும். அந்தப் பல்லைத்தான் இத்தனை நாள் மீசை மறைத்திருந்தது. அவர் சொன்னது செத்த நேரம் இல்லை.

"செத்தவுக நிக்காக. தாண்டட்டும்."

சிலுவை போட்டுக்கொண்டேன். ரோட்டில் யாரும் இல்லை. மாஸ்டர் கண் மட்டும் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போனது. பிறகு வெளியே பார்த்து, "ஏலே, வெரசா போடா. வெயிலு கொளுத்துது" என்று யாரையோ அதட்டினார்.

இறங்கியதும் சுமதியை ஓரமாக இழுத்தேன். "அங்க நிக்கிறப்ப உனக்கு ஏதாவது கேக்குமா?"

"ஒண்ணும் கேக்காதேக்கா."

"பெறகு ஏன் அம்புட்டு மரியாதையா உக்காந்திருந்த?"

"மாஸ்டர் செத்தவுகன்னு சொல்றாரு, நீங்களே கரெக்டா நிறுத்துறீங்க. காது கேக்காதவங்களுக்குக் கண்ணு கூடுதலாத் தெரியும்பாங்கள்ல. உங்களுக்கு ஆள் தெரியுதுன்னு நெனச்சேன். வெளிய சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

அவளுக்குக் கேட்கிறது என்று நானும், எனக்குத் தெரிகிறது என்று அவளும், அத்தனை மதியங்கள் யாருமில்லாத ரோட்டுக்கு வழிவிட்டிருக்கிறோம்.

மறுநாள் நான் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. சாயங்காலம் துணியை மடித்துவிட்டுத் திரும்பினால், வாசலில் சத்தமில்லாமல் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். உயிரே போய்விட்டது. அவர் பாட்டுக்கு வந்து சேவியர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தார்.

"பயந்துட்டியா தாயி?"

"பேய்க்குப் பயமில்ல மாஸ்டர்" என்றேன். பாதிப் பொய். "பின்னாடி ஒருத்தர் கத்துனா எனக்குக் கேக்காது. என்னால ஒரு உசுரு போயிருமோன்னுதான் பயம். வண்டிய வித்துருறோம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் படிப்பதற்காக, உதட்டைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"அங்க நிக்கிறவுக ஒருத்தரும் கத்தல தாயி. கத்துறதுக்கு நேரம் கெடைக்கல. அவுகள அடிச்சவனுக்கெல்லாம் காது நல்லாக் கேட்டுச்சு."

சேவியர் கட்டிலிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்துற வரைக்கும் ஏன் விடுற? அதுக்கு முன்னாடியே நில்லு. நீதான் நிக்கிறியே."

சேவியர் நல்ல கையைத் தூக்கி வேப்பமரத்தடியைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். அவரால் பேச முடியாது. எனக்கும் உதட்டைப் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

டெஸ்ட் அன்று, அதே உச்சி வெயில். இன்ஸ்பெக்டர் என் காதுக்கான டாக்டர் சர்டிபிகேட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "சட்டத்துல எடம் இருக்கு. ஆனா எனக்கு மனசுல எடம் இல்லம்மா" என்றார். மாஸ்டரை மைதானத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கையால் வழி காட்டினார். அவர் காட்டிய ரோடு பஞ்சாலைப் பக்கம் போனது.

கேட் தெரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்ட மாதிரி இருந்தது. காலி ரோட்டில் நிறுத்தினால் ஃபெயில். ஓட்டத் தெரியாதவள், புத்தி சரியில்லாதவள் என்று எழுதிவிடுவார். நிறுத்தாமல் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். என் கால் அந்த முடிவைக் கேட்கவில்லை. அது பாட்டுக்கு பிரேக்கை மிதித்தது.

நின்றோம். எருக்கஞ்செடி. பூட்டு. வெயில். ஒருவரும் இல்லை. இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் திரும்பியது.

திரும்பி வந்து பேப்பரில் எழுதிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். "தூக்குவாளியோட ஒரு அம்மா குறுக்க வந்துச்சே, நான்கூடக் கவனிக்கல. நீ முன்னாடியே நிறுத்திட்ட. காது கேக்கிற எவனும் அப்படி நிறுத்த மாட்டான். பாஸ்."

நான் எந்த அம்மாவையும் பார்க்கவில்லை. வழக்கம்போல் தலையாட்டிச் சிரித்தேன்.

மைதானத்தில் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"பச்சச் சேலையா?"

"சேல கலர் சொல்லல மாஸ்டர்."

"பச்சதான். எப்பவும் ஷிப்டுக்கு லேட்டாத்தான் வரும், அந்தப் பிள்ள."

இப்போது குட்டியானையை நான்தான் ஓட்டுகிறேன். சேவியர் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் பன் எடுத்துக் கொடுக்கிறார். வண்டிப் பின்னால் முன்பு 'ஹாரன் அடிக்கவும்' என்று இருந்தது. கொழுந்தனே பெயிண்டரைக் கூட்டிவந்து அதை அழித்துவிட்டு, 'ஓட்டுநருக்குக் காது கேட்காது. செத்த நேரம் பொறுக்கவும்' என்று எழுதவைத்தார்.

மாஸ்டர் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். வீட்டில், கட்டிலில், தூக்கத்தில். அஞ்சலி போஸ்டரில் பழைய போட்டோவைப் போட்டிருந்தார்கள், அந்தக் கூரை மீசையோடு. என்னிடம் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. என்னவென்று படிக்க முடியவில்லை.

ரோட்டில் சாகாதவர் ரோட்டில் நிற்கக் காரணமில்லை. எனக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய ஸ்கூல் இருந்த முனை வந்தால் என் கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. பின்னால் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துத் தீர்ப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்பதில்லை. மாஸ்டர் மெதுவாகத்தான் வருவார். தாண்டட்டும்.