காலையில் ஓடிய வண்டி

மேனேஜர் சேகரன் ஸ்கூட்டரின் கிக்கர் மேல் ஏறியே நின்றுவிட்டார். அது ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

"காலைல ஜம்முன்னு ஓடின வண்டிப்பா!" என்றார் செல்லக்கண்ணுவிடம். அவன் அந்தச் சாயப் பட்டறையின் பாய்லர்காரன். அங்கே வேறு யாரும் இல்லாததால்தான் அவனிடம் சொன்னார்.

மைசூரில் அன்று ஆயுத பூஜை. பட்டறை வாசலில் காலையில் ஏழெட்டு ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றிருந்தன. எல்லாம் ஒரே வெள்ளை. வாட்ச்மேன் ஜடையன் அத்தனையையும் கழுவி, நம்பர் பிளேட் தெரியாமல் செவ்வந்தி மாலை போட்டு, ஹெட்லைட்டை வாழைக்கன்றால் மறைத்து, மிச்ச இடத்தில் சந்தனம் அப்பியிருந்தான். பூஜை முடிந்து அவனும் சாப்பிடப் போய்விட்டான். மற்றவர்களும் தங்கள் வண்டிகளில் கிளம்பிவிட்டார்கள். வாசலில் மிச்சம் நின்றது இது ஒன்றுதான்.

"வீட்ல எல்லாரும் சாமுண்டி மலைக்குப் போக ரெடியா நிக்கிறாங்க," என்று சேகரன் கையைப் பிசைந்தார்.

"நான் பாக்கட்டுங்களா சார்?"

"நீயா? உன் அடுப்பே வெளியில எரியுது. இது உள்ளே எரியற என்ஜின்."

செல்லக்கண்ணுவுக்கு அந்த வார்த்தைதான் உறுத்தல். பட்டறைக்கு டீசல் ஜெனரேட்டர் வரப்போகிறது. அதை ஓட்டுகிறவனுக்கு வேலை நிரந்தரம். தினக்கூலியாக ஆறு வருடம் பாய்லர் பார்த்த செல்லக்கண்ணு, அதற்காகவே இரண்டு வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் எதிர் ஒர்க்‌ஷாப்பில் போய் வேலை பழகினான். ஆனால் காலையில்தான் சேகரன், "பாய்லர்காரனுக்கு எதுக்குப்பா ஜெனரேட்டர்?" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"ஒரு வாய்ப்பு குடுங்க சார்."

"சரி. நிமிஷத்துல ஓட வை, ஜெனரேட்டர் உனக்கு. இல்லைன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

செல்லக்கண்ணு பிளக்கைக் கழற்றினான். துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

"போன மாசம்தான் புது பிளக் போட்டேன்!" என்று சேகரன் பதறினார். "என்ன பண்ணின அதை?"

"கழட்டினேனுங்க. அவ்வளவுதான்."

பிளக் ஓட்டை வழியாக ஆயில் ஊற்றி, கிக்கரை மெல்ல மெல்ல ஆட்டினான். உள்ளே பிஸ்டன் இறுகிக் கிடந்தது. காலையில் ஓடிய வண்டி அதற்குள் எப்படி இறுகும் என்று அவனுக்கே புரியவில்லை. கால் மணி நேரம் கழித்து லேசாக அசைந்தது.

"நீ தொட்டப்புறம் ரொம்ப மோசமாயிடுச்சுப்பா."

"இல்லீங்க சார். நீராவி என்ஜின்ல அடுப்பு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். தண்ணி கொதிச்சு, ஆவி குழாய் வழியாப் போய் பிஸ்டனைத் தள்ளோணும். இதுல பிஸ்டன் தலைமேலயே அடுப்புங்க! பெட்ரோலும் காத்தும் கலந்து வரும், பிஸ்டன் அமுக்கும், ஒரு பொறி, ஒரே வெடி. நிமிசத்துக்கு ஆயிரக்கணக்குல வெடிக்குது, நாம அதுக்கு மேல உக்காந்துட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றோம். கண்டுபுடிச்சவன் கால்ல உழோணுமுங்க."

சேகரனுக்கு வியப்பாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "டீசல் என்ஜினுக்குப் பிளக்கே கிடையாதே, அது எப்படிப் பத்தும்?" என்று மடக்கினார்.

"வெறும் காத்தை அமுக்கு அமுக்குன்னு அமுக்குனா அதுவே கொதிச்சுப் போகுமுங்க. அதுல டீசலைப் பீச்சுனாப் போதும், தானே பத்திக்கும்."

பழைய பிளக் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டு உதைத்தான் செல்லக்கண்ணு. ஒன்றும் இல்லை. டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"பெட்ரோலே இல்லீங்களே."

"நேத்து சாயங்காலம் ஃபுல் டேங்க் போட்டேன்!" சேகரனின் பார்வை செல்லக்கண்ணுவின் மேல் ஒரு மாதிரி விழுந்தது. திருட்டுப் பட்டமும் வந்து சேர்ந்ததே என்று அவனுக்குக் கண் கலங்கியது. இருந்தாலும் கையை நிறுத்தவில்லை. ஸ்டோரிலிருந்து பெட்ரோல் கொண்டுவந்து, ஆயில் கலந்து ஊற்றினான். ஊற்றியது கார்புரேட்டர் வழியாகச் சேகரனின் புதுச் செருப்பில் ஒழுகியது. கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"அரை நாள்ல குளவி கூடு கட்டுமா?" என்று கத்தினார் சேகரன்.

"எனக்கும் அதாங்க தெரியல," என்றான் செல்லக்கண்ணு, உண்மையாகவே.

மண்ணைச் சுரண்டினான். பெட்ரோல் பீச்சும் ஜெட்டின் துளையை வாயால் ஊதினான். வாஷருக்குச் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தான். அந்த வேலையின் அழகைப் பார்க்க ஒரு ரசிகனாவது அங்கே இருந்திருக்கலாம். வேலையைத் தொடங்கி ஒன்றே கால் மணி நேரம் கழித்து ஓங்கி உதைத்தான். படபடபடவென்று ஸ்கூட்டர் உயிர் பெற்று, சேகரனின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரும்புகையைக் கக்கியது.

செல்லக்கண்ணு ஸ்கூட்டரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

சேகரன் சட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "காலைல ஓடின வண்டியை மறுபடி ஓட வைக்க ஒன்றே கால் மணி நேரம்! ஜெனரேட்டரை உன்கிட்ட குடுத்தா தீபாவளிக்குத்தான் லைட் எரியும். போப்பா, போய் உன் அடுப்பையே பாரு."

செல்லக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டான். பாய்லரை நோக்கி நடந்தான்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு ஜடையன் வந்தான். படபடத்துக்கொண்டிருந்த ஸ்கூட்டரைப் பார்த்தவன், பிடித்த கேட்டை விடாமல் அப்படியே நின்றுவிட்டான்.

"சார், உங்க வண்டி வெயில் படாம உள்ள ஷெட்டுல நிக்குதுங்க, இது என்னோட வண்டி, செத்து நாலு வருசமாச்சு, மாலை போடறதுக்காகத் தள்ளிட்டு வந்தேன், இதை எந்த மகராசனுங்க எழுப்புனது?"