ஜே எழுத்துப் பாகங்கள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கண்டிப் பக்கமாக இருந்த எங்கள் காரியாலயத்தில், தேயிலைக் கொழுந்து உருட்டும் மெஷின்களைக் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். ஒரு மெஷினுக்கு நூற்றுக்கணக்கான பாகங்கள். ஒவ்வொன்றையும் தனியாக வரைந்து, பெயர் வைத்து, பிறகு கம்ப்யூட்டரிலேயே பூட்டிப் பார்ப்பார்கள். பெயர் வைப்பதில் மட்டும் பூரண சுதந்திரம் நிலவியது. மடுல்கெல்லைத் தோட்டத்திலிருந்து வந்த அம்புறோஸ் வரைந்த மெஷின் கால்களுக்கு "கால்", "புதுக் கால்", "கடைசிக் கால்", "உண்மையான கடைசிக் கால்" என்று பெயர். ஸ்டோர் கீப்பரான நான் எதற்கு இரும்பு எடுப்பது என்று கேட்டால், "உண்மையானதுக்கு எடுங்க, மக்கீன் நானா" என்பான்.

பொறியியலாளர் விவேகானந்தனுக்கு இது பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் விஷயத்தில் அவருக்குச் சொந்த வருத்தமும் இருந்தது. அது யுத்த காலம். தினமும் பாலத்தடியில் ஆமியும் பொலிஸும் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்ப்பார்கள். அவருக்குப் பெயரும் நீளம், பிறந்த இடமும் வில்லங்கம். பஸ் போய்விடும், மனுஷன் நிற்பார். ஒருநாளாவது இறங்காமல் அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும் என்பது ஒன்றே அவருக்கு மிஞ்சியிருந்த ஆசை.

"ஒழுங்கான பேர் இருந்தால் எந்தச் சாமானையும் ஒருத்தரும் மறிக்கேலாது" என்று சொல்லி, 'பாகங்களுக்குப் பெயரிடுதல் தொடர்பான நிரந்தர உபகுழு'வை அவர் ஸ்தாபித்தார். அவர் தலைவர். அம்புறோஸ் உறுப்பினர். அறையில் ஒரு கதிரை மிச்சமிருந்தபடியால் நானும் உறுப்பினர்.

புதிய பெயரில் முதல் எழுத்து, பாகம் பிறந்த இடம். கொழும்பில் வார்த்ததுக்கு சி. ஜப்பானிலிருந்து வந்த பேரிங்குக்கு ஜே. அதன் பிறகு அது எந்தப் பகுதியின் பிள்ளை, எத்தனையாவது பிள்ளை, எத்தனை தடவை திருத்தப்பட்ட பிள்ளை என்பதெல்லாம் வரும்.

"பொறந்த எடம் என்னாத்துக்கு சார்? கால்னா கால்தானே?" என்றான் அம்புறோஸ்.

"அடுக்கேக்கை ஒரே இடத்தில பிறந்ததெல்லாம் ஒரே இடத்தில வந்து நிக்கும். முதல் எழுத்தைப் பாத்தாப் போதும். முழுப் பேரையும் வாசிக்கத் தேவையில்லை. விளங்குதோ?"

"ஏ எழுத்துக்கு ஒண்டும் போடல்லயே சேர்?" என்றேன் நான்.

"அதைச் சும்மா விடுங்கோ. எப்பவும் ஒரு எழுத்து காலியா இருக்க வேணும். பிறகு தேவை வரும்."

பெயர்கள் சுபமாக மாற்றப்பட்டன. அடுத்த நாள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் மெஷின் கால் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது.

"பேர மாத்துனது மெஷினுக்குத் தெரியாதுங்க சார். அது இன்னும் 'உண்மையான கடைசிக் கால்'னு தேடுது" என்றான் அம்புறோஸ்.

உபகுழு அவசரமாகக் கூடி, பெயர்கள் சரியாக இருப்பதாகவும் மெஷின்தான் ஒத்துழைக்கவில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தது.

அந்த நேரம் பார்த்து, தமிழ் ஊழியர்களைப் பதிய வந்தார் பொலிஸ் இன்ஸ்பெக்டர். சுவரில் தொங்கிய எங்கள் எழுத்து அட்டவணையைக் கண்டு நின்றவர், "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். விவேகானந்தன் உற்சாகமாக விளக்கினார்.

"அப்படியென்றால் ஒரு எழுத்துப் போதுமா?"

"போதும் சேர்."

"பெயரை வாசிக்கவே தேவையில்லையா?"

"தேவையே இல்லை."

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. காலமெல்லாம் தமிழ்ப் பெயர்களை வாசித்து நாக்குச் சுளுக்கிய மனிதர். அட்டவணையைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோனார்.

விரைவில் ஊர்த் தமிழருக்கெல்லாம், பிறந்த இடத்தின் இங்கிலீஷ் முதல் எழுத்துப் போட்ட பாஸ் வந்தது. அம்புறோஸுக்கு எம். யாழ்ப்பாணம் இங்கிலீஷில் ஜஃப்னா என்பதால் விவேகானந்தனுக்கு ஜே.

"ஜப்பான் சாமானுக்குக் குடுத்த எழுத்து!" என்று அவர் அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு கிழமை முழுக்கப் பஸ்ஸிலிருந்து இறங்காமல் பாலத்தைக் கடந்தார். கந்தோர் வேலைக்கு நேரத்துக்கு வந்து, பிந்தி வந்த எங்களைத் திட்டவும் செய்தார்.

பிறகு எங்கோ ஒரு குண்டு வெடித்தது. அன்று பாலத்தடியில் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்தார்கள்.

தலைவரைப் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் அம்புறோஸும் பொலிஸுக்கு ஓடினோம். நீளமான வாங்குப் பலகையில் வரிசையாக ஜேக்கள். வங்கி மனேஜர், பத்மாதேவி டீச்சர், ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்க வந்த ஒரு கிழவர். நடுவில் எங்கள் தலைவர்.

"அருமையான முறை. ஒரே இடத்தில் பிறந்ததெல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிட்டது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது சாமானுக்குச் செய்தது சேர்! என்ரை பேர் விவேகானந்தன். பதினேழு வருஷமா இந்த ஊரில வேலை செய்யிறன். பேரை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்று சிங்களத்தையும் மறந்து தமிழில் கெஞ்சினார் விவேகானந்தன்.

அம்புறோஸ் மொழிபெயர்த்துச் சொன்னான்.

"வாசிக்கத் தேவையே இல்லை என்றவர் அவர்தானே?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பும் வந்தது. தன் எழுத்தில் தானே மாட்டிக்கொண்டாரே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். பெரியவர்களோடு பேசிப் பழக வேண்டுமே என்று, வெளியே வரும்போது இன்ஸ்பெக்டரிடம் பகிடியாகக் கேட்டேன்:

"எங்கள் அக்குறணை முஸ்லிம் ஆட்களுக்கு எழுத்தே தரவில்லையே, சேர்?"

அவர் என் தோளில் அன்பாகத் தட்டினார். சுவரில் புதிதாக மாட்டியிருந்த அட்டவணையில், எல்லாவற்றுக்கும் மேலே காலியாக இருந்த முதல் வரியைக் காட்டினார்.

"ஏ இருக்கிறது, மக்கீன். பிறகு தேவை வரும்."