ஏகாம்பரம் எதன் மீதும் மோதியதில்லை

மனிதர்களில் எத்தனையோ ரகம் உண்டு. அதில் ஒரே ஒரு ரகத்தை நம்பித்தான் பதினாறு வருடமாக என் வீட்டில் அடுப்பு எரிகிறது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில், வண்டி இன்சூரன்ஸ் போட்டுக் கொடுக்கிற வேதகிரி நான். அந்த ரகத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘மோதப்பட்டவர்’. இவர் பிறந்ததிலிருந்து எதன் மீதும் மோதியது கிடையாது. எல்லாம் இவர்மீதுதான் வந்து மோதும். புளியமரம் வரும், மதில் வரும், மைல்கல் வரும். மின்வாரியம் சிமென்ட் போட்டு நட்டு வைத்த கம்பம்கூட, இவர் வருகிற நேரம் பார்த்து அரையடி நகர்ந்து நிற்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். நான்கு மூலையிலும் நசுங்கல் இருக்கும், ஒவ்வொரு நசுங்கலுக்கும் ஒரு குற்றவாளி இருப்பான், அந்தக் குற்றவாளிகள் பட்டியலில் ஸ்டியரிங் பிடித்தவர் பெயர் மட்டும் இருக்காது. பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் என்று சொல்லிவிடாதீர்கள், பாவம். நன்றாகத் தெரியும். கையருகில் ஹாரன் இருக்கும்போது காலுக்கு எதற்கு வேலை கொடுப்பது என்பதுதான் இவர் கட்சி.

க்ளைம் ஃபாரத்தில் ‘விபத்து எப்படி நடந்தது?’ என்று ஒரு கேள்வி உண்டு. மூன்று வரி இடம் விட்டிருப்பார்கள். ஒழுங்கானவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மோதப்பட்டவர் கூடுதல் தாள் கேட்பார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்த ரகத்துக்கே தலைவர் என்று சொல்லத்தக்கவர் சாலவாக்கம் ரோட்டு ஏகாம்பரம் அண்ணன். ஏழு ஏக்கர் நிலம், ஒரு வெள்ளைக் கார், நிலத்தைப் பார்த்துக்கொள்ள கனகா அண்ணி. காரை அவரே பார்த்துக்கொள்வார். அதுதான் பிரச்சினை.

முதல் வருடம் கம்பம். இரண்டாம் வருடம் திருப்புலிவனம் பக்கத்தில் ஒரு எருமை.

“ஓரமாத்தான்பா நின்னுகினு இருந்திச்சி. நான் கிட்ட போனதும் இன்னா நெனச்சிதோ, மனசு மாறிடிச்சி.”

எருமையின் மனமாற்றத்துக்கு ஒன்றரைத் தாள் பிடித்தது. மூன்றாம் வருடம் அவருடைய வீட்டு கேட். தினமும் திறந்திருக்கும் கேட்டை அன்றைக்குச் சாத்தி வைத்தது யார் என்பதுதான் அவர் கேள்வி. பின்னால் திரும்பிப் பார்த்தீர்களா என்பது என் கேள்வி. இரண்டுக்கும் இன்றுவரை பதில் இல்லை.

இங்கே கொஞ்சம் தொழில் பேசிக்கொள்கிறேன், கொட்டாவி விடாதீர்கள். அடுத்தவருக்கு நாம் செய்யும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி எல்லோரும் கட்டியாக வேண்டும். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்குத் தனியாகக் கட்டுவது நம் விருப்பம். அப்படிக் கட்டுகிறவர் ஒரு வருடம் க்ளைம் வாங்காமல் ஓட்டினால், அடுத்த வருடம் அந்தப் பங்கில் இருபது சதவீதம் குறைப்பார்கள். போனஸ் என்று பெயர். வாங்கினால் போனஸ் போச்சு. வருடா வருடம் வாங்கிக்கொண்டே இருந்தால், கம்பெனிக்காரர்கள் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி முன்னும் பின்னும் போட்டோ எடுப்பார்கள், பழசு என்று கழிக்காமல் முழுச் செலவும் தருகிற பம்பர் டு பம்பர் கிடையாது என்பார்கள், ரிப்பேரில் முதல் சில ஆயிரம் உன் கைக்காசு என்பார்கள். இதையெல்லாம் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும்.

“இடிச்சதெல்லாம் அவனுங்க. துட்டு மட்டும் நான் ஏத்திக் கட்டணுமா? இன்னாப்பா நாயம் இது?”

நான்காம் வருடம் அதிசயம் நடந்தது. க்ளைம் இல்லை! இருபது சதவீதம் போனஸ் சேர்ந்தது! அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீக்கடை டீக்கடையாகக் காட்டினார். அந்த வருடம் பாதி நாள் கார் சாவி கனகா அண்ணியின் அரிசிப் பானைக்குள் இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஐந்தாம் வருடம். புதுப்பிக்கப் பதினொரு நாள் இருந்தது. நல்ல வெயில். அறுப்புக் காலம். மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

“வேதகிரி, மோசம் போயிட்டேன்பா! ரோட்ல எவனோ நெல்லு கொட்டி வெச்சிக்கீறான். வண்டி வயுக்கிகினு போயி மைல்கல்லு ஏறிடிச்சி.”

அடி ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். அவருக்கு இல்லை. வண்டிக்குத்தான், முன்பக்கம் முழுவதும். போனில் போட்டோ பார்த்தே மெக்கானிக் முப்பத்தெட்டாயிரம் சொல்லியிருந்தார். க்ளைம் போட்டால் லேமினேட் செய்த போனஸ் போய்விடும். போடாவிட்டால் கைக்காசு போய்விடும். அண்ணன் இரண்டுக்கும் தயாராக இல்லை.

“நெல்லு கொட்டினவன் குடுக்கட்டும். நீ ஒரு போலீஸ் கம்ப்ளெய்ண்ட் எழுது. ஒனக்குத்தான் கையெழுத்து முத்து முத்தா வருமே.”

முகஸ்துதிக்கு மயங்கும் ரகம் நான். கிளம்பிவிட்டேன்.

சாலவாக்கம் ரோட்டில் பாதியை அடைத்து நெல் பரப்பியிருந்தது. ஓரத்தில் கல் வரிசை. மைல்கல் மீது அண்ணனின் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் உடைந்து தண்ணீரும் ஆயிலும் வழிந்து, இரண்டு மூட்டை நெல்லாவது பாழ் என்று எனக்கே தெரிந்தது. எல்லப்பன் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். சொந்தமாகக் காணி நிலம் இல்லாதவர். அறுப்புக் காலத்தில் யார் கூப்பிட்டாலும் கூலிக்குப் போகிறவர். எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“எல்லப்பா, இத கொட்டினது நீதான?”

“ஆமாங்கய்யா.”

“கேட்டியா வேதகிரி? அவனே ஒத்துக்கினான். எழுது. எல்லப்பன்னு எழுது. முப்பத்தெட்டாயிரம்னு எழுது.”

“ஐயா, ஐயா! என் பேர எழுதாதீங்கய்யா. ஐந்நூத்தம்பது கூலிக்கு வந்தவன், முப்பத்தெட்டாயிரத்துக்கு நான் எங்கய்யா போவேன்? பொண்ணுக்குக் காலேஜு ஃபீஸே இன்னும் கட்டல.”

“அதெல்லாம் ஸ்டேஷன்ல பேசிக்க.”

அதற்குள் ‘எல்லப்பன்’ என்று எழுதியாகிவிட்டது. அந்தப் பெயரைப் பார்த்ததும் என் கையெழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. எழுதியதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், வாய்க்கு வந்த ஒரு சாக்கைச் சொன்னேன்.

“அண்ணே, கூலிக்காரர் பேரு மட்டும் பத்தாது. நெல்லுக்குச் சொந்தக்காரர் பேரு வேணும். இல்லாட்டி ஸ்டேஷன்ல திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அதுவும் சர்தான். எல்லப்பா, யாரு நெல்லு இது?”

எல்லப்பன் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பயப்படாம சொல்லு. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் நான் வுட மாட்டேன்!”

“அம்மாதாங்க கொட்டச் சொன்னாங்க.”

“எந்த அம்மா?”

“நம்ம அம்மாதாங்க. இது நம்ம நெல்லுங்கய்யா.”

ரோட்டில் அந்நேரம் பார்த்து ஒரு டவுன் பஸ் வந்தது. நெல்லின் மீது ஏறாமல் ஒதுங்கிப் போனது. டிரைவருக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

பஸ் போனதும், பின்னாலேயே சாப்பாட்டுக் கூடையோடு ஸ்கூட்டியில் கனகா அண்ணி வந்து இறங்கினார். காரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தார்.

“ரோட்ல கொட்டச் சொன்னது யாரு? நேத்து போன்ல, ‘களத்துல எடம் இல்லன்னா ரோட்ல கொட்டு, ஊரே கொட்டுது’ன்னு நீங்கதான சொன்னீங்க?”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அடங்கியிருப்பார்கள். நம் ஆள் யார்? மூச்சு வாங்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“நான் சொன்னா நீ செஞ்சிடுவியா? இத்தினி வருசத்துல என் பேச்ச ஒருநாளாச்சும் கேட்டுக்கீறியா? இன்னிக்குன்னு பாத்து கேட்டா, நான் இன்னா பண்றது?”

அண்ணி என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எல்லப்பன் என்ற பெயரை இரண்டு முறை அடித்தார். காகிதத்தைக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். எல்லப்பன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். 

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். எல்லப்பன்தான் ஆயில் ஊறிய நெல்லை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, உண்மையான கவலையோடு என்னிடம் கேட்டார்:

“ஏஜெண்டு, ரெண்டு மூட்ட பாழாப் போச்சே. இதுக்கு இன்சூரன்சு கீதா?”

“அடுத்தவர் நெல்லா இருந்தா, அண்ணன் கட்டியிருக்கிற தேர்டு பார்ட்டியில கேக்கலாம். சொந்த நெல்லுக்குக் கிடையாது.”

அண்ணன் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

“அப்பிடியா! அப்ப இது எல்லப்பன் நெல்லுன்னு எழுதிடு!”

கேட்டீர்களா? கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே எல்லப்பனை ஸ்டேஷனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். அது பொய் க்ளைம், என் லைசென்சு போய்விடும் என்று நான் கத்துவதற்குள், கனகா அண்ணி கூடையைக் கீழே வைத்தார்.

“தாராளமா எழுதுங்க ஏஜெண்டு. எல்லப்பா, சாய்ங்காலம் மூட்ட புடிச்சதும் நம்ம வூட்டுக்குக் கொண்டாராத. மொத்தத்தையும் உங்க வூட்லயே எறக்கிக்க. ஐயாவே சொல்லிட்டாரு, உன் நெல்லாம்.”

“எழுதாத, எழுதாத!” என்று ஏகாம்பரம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி நெல்லைக் கிளறப் போய்விட்டார்.

கடைசியில் க்ளைம் ஃபாரம்தான். ‘விபத்து எப்படி நடந்தது?’ அண்ணன் நெடுநேரம் யோசித்து, கூடுதல் தாள்கூடக் கேட்காமல் எழுதினார்: ‘என் நெல், நான் இல்லாத சமயம் பார்த்து ரோட்டுக்கு வந்து, என் வண்டியை வழுக்கிவிட்டது.’ போனஸ் போனது. பம்பர் டு பம்பர் மறுத்துவிட்டார்கள். லேமினேட் செய்த காகிதம் மட்டும் இன்னும் பையில் இருக்கிறது. இப்போது டீக்கடைகளில் வேறு கதை ஓடுவதாகக் கேள்வி: எல்லாம் அந்த வேதகிரியால் வந்தது, சொந்தக்காரன் பேர் வேண்டும் என்று அவன் கேட்காமல் இருந்திருந்தால் போனஸ் தப்பித்திருக்கும். ஆக, ஐந்தாவதாக அவர்மீது மோதியது நான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். வாசலில் நிற்கிற உங்கள் வண்டியில், இடது பக்கக் கதவுக்குக் கீழே ஒரு கீறல் இருக்குமே, அது எப்படி வந்தது? என்னிடம் சொல்ல வேண்டாம், மனசுக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அந்தக் கதையில் வண்டியை ஓட்டினவர் எங்கேயாவது வருகிறாரா? இல்லை, எருமையோடு முடிந்துவிட்டதா? முடிந்துவிட்டது என்றால் தயங்காமல் மாடி ஏறி வாருங்கள். கூடுதல் தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.