சாவியை உருவியும் நிற்காத ஜீப்

பிடிவாதம் என் பிறவிக் குணம். அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் வைத்து ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நாராயணவனத்தில் ஒருநாள் காலை அந்தக் குட்டு உடைந்தது.

சத்தியவேட்டில் எங்கள் வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப். ஆற்றுமணலானாலும் மலைப்பாதையானாலும் சிக்காது. பெட்ரோலை மட்டும் மடமடவென்று குடிக்கும். "வித்துடலாம்மா, இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்றார் நைனா. நான் விடுவேனா? டீசல் எஞ்சின் மாற்றுவேன் என்று சபதம் போட்டேன். திருப்பதி மெக்கானிக் மஸ்தான் பாய் எங்கிருந்தோ ஒரு டீசல் எஞ்சினைப் பிடித்துவந்தார். அது பழைய இடத்தில் உட்காரவில்லை. வெட்டினார், வெல்டிங் வைத்தார், ரேடியேட்டரையும் பெரிதாக மாற்றினார். மூன்று மாதம் ஞாயிறுதோறும் பட்டறையில் நின்று யோசனை சொன்னேன் (யாரும் கேட்கவில்லை).

வண்டியை ஒப்படைத்த அன்று பாய் தெலுங்கில் ஏதோ விளக்க வாயெடுத்தார். "அந்தா தெலுசு பாய்" என்று, எல்லாம் தெரிந்தவளாகக் கிளம்பிவிட்டேன். வீட்டு வாசலில் கிளட்சைச் சட்டென்று விட்டதில் எஞ்சின் தானே அணைந்தது. (அதையும் என் திறமை என்றே நினைத்தேன்.)

மறுநாள்தான் என் வாழ்க்கையே முடிவாக வேண்டிய நாள். ஸ்ரீசிட்டியில் என்னோடு வேலை பார்க்கும் பாஸ்கரைத்தான் கட்டிக்கொள்வது என்று இருந்தேன். அவனுடைய அப்பா அம்மா காஞ்சிபுரத்திலிருந்து முதல்முறையாக வந்திருந்தார்கள். "ஜீப் ஓட்டுற பொண்ணு குடும்பத்துக்கு ஒத்துவருமா?" என்று அவன் அம்மா ஏற்கெனவே கேட்டாயிற்று. அவர் தலையாட்டினால்தான் கல்யாணம். புத்தியுள்ளவள் கார் பிடித்திருப்பாள். நான் பட்டுப்புடவையோடு ஜீப்பில் ஏறி, அவர்களைப் பின்னால் உட்காரவைத்து நாராயணவனம் கோயிலுக்கு ஓட்டினேன்.

வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஓடியது. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். அப்போதும் ஓடியது. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை வேறு மிதித்ததில் குபுகுபுவென்று கரும்புகை. (கியர் போட்டுப் பிரேக்கை மிதித்துக் கிளட்சை விட்டிருந்தாலே நின்றிருக்கும்; பிற்பாடுதான் தெரிந்தது.) போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாயைக் கூப்பிட்டேன்.

"ஸ்டீரிங் கிந்த ஒக நாப் உந்தி காதம்மா? தீய்! பயட்டிகி தீய்!" என்று பாய் கத்தினார்.

அந்த எஞ்சினை நிறுத்துவது சாவி இல்லை, ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் நாப், அதாவது குமிழ். தெலுங்கில் 'தீய்' என்றால் வெளியே இழு என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். காஞ்சிபுரத்துக்குத் தெரியாது.

"தீயாம்! எறங்குடி!" என்று அலறினார் பாஸ்கரின் அப்பா. அவன் அம்மா, என் வருங்கால அத்தை, பின்பக்கமாகக் குதித்தார். பூக்காரம்மாவின் தண்ணீர் வாளியைப் பிடுங்கி, நாப்பைத் தேடிக் குனிந்திருந்த என் தலையில் கவிழ்த்தார் மாமா. நான் நனைந்தேன். எஞ்சின் நிற்கவில்லை. ஒருவழியாக நாப் கையில் அகப்பட, இழுத்தேன். சட்டென்று அமைதி.

பட்டுப்புடவை மொத்தமும் நனைந்து பாழ். ஆனாலும் விடவில்லை.

"வண்டி நல்ல வண்டிதான் அத்தை. எனக்குத்தான் நிறுத்தத் தெரியல. வாங்க, தீபாராதனை முடிஞ்சிடும்," என்று சொட்டச் சொட்ட நடந்தேன்.

அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். முந்தானையால் தலையைத் துவட்டினார். "வண்டியும் நிக்க மாட்டேங்குது, நீயும் நிக்க மாட்டேங்கிற. எம்புள்ள பாடு அவ்ளோதான்," என்றவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கல்யாணம் அதே கோயிலில் நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் போட்டோகிராபர் தன் கூட்டாளியிடம் "தீய்! தீய்!" என்று கத்தினார். தெலுங்கில் போட்டோ எடுப்பதற்கும் அதே வார்த்தைதான். அந்தப் படத்தில் பாஸ்கர் தாலியோடு குனிந்திருக்கிறான்; நான் தலையைக் கைகளால் பொத்திக்கொண்டிருக்கிறேன்; மாமா தண்ணீர்க் குடத்தோடு எங்களை நோக்கி ஓடிவருகிறார்.

அதைத்தான் அத்தை பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.