மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, பிள்ளைகள் இருவர் அனைவரும் நலம். அங்கு உன் நலத்தையும் உன் முழங்கால் வலியின் நலத்தையும் அறிய ஆவல். மரியாதைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. இனி நான் தாராளமாகக் கோபப்படலாம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ, "முதல்ல மூச்சு விடு. இப்ப சொல்லு" என்பாய். நானும் மூச்சு விடுவேன், கோபமும் அதோடு போய்விடும். முப்பது வருஷமாகப் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவளோடு போனில் சண்டை போட முடியாது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நீ போனில் கேட்டாய். "டேய், மீதி லீவுக்கும் பிள்ளைங்களை இங்கயே அனுப்பிடேன். ஸ்கூலும் இல்ல, எனக்கும் பொழுது போகணும்ல. மத்தியானம் படுத்தா கண்ணே மூட மாட்டேங்குது. வெயில் அப்படி." நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். அனுப்ப மாட்டேன். நீ ஓய்வு பெற்று வீட்டில் தனியாக இருக்கிறாய், உனக்குப் பொழுது போகவில்லை, எல்லாம் சரி. அதற்காக என் வீட்டில் எனக்கு மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச மதிப்பையும் நான் பறிகொடுக்க முடியாது.

நீ என் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டாய் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஏனென்றால் நீ கெடுக்கவில்லை, திருத்திவிட்டாய். என் புகாரே அதுதான்.

லீவு ஆரம்பத்தில் இந்த வீடு இருந்த நிலைமை உனக்குத் தெரியும். பிள்ளைகளின் பாலர் பள்ளியை லீவுக்கு மூடிவிட்டார்கள். உன் தம்பி மனைவி காலையிலேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிப் போய்விடுவாள். என் ஆபீசில் பெரிய மனசு பண்ணி வீட்டிலிருந்தே வேலை பார் என்று சொன்னார்கள். நானும் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு வீட்டு வரைபடம் போட உட்கார்ந்தேன். அடுத்தவன் வீட்டில் எந்தச் சுவர் எங்கே வர வேண்டும் என்று சொல்கிற எனக்கு, என் வீட்டுச் சுவரில் என்ன வருகிறது என்று சொல்ல முடியவில்லை. பெரியவள் கிரேயானால் ஒரு சுவர் முழுக்க அம்மா படம் வரைந்தாள், அடுத்த சுவரில் அம்மாவுக்குக் கால் வரைந்தாள். நம் உருண்டை, நடக்கக் கற்ற நாள் முதலாய் ஒரு இடத்தில் நிற்காத பயல், என் ஷூவுக்குள் தண்ணீர் ஊற்றி அதில் டிவி ரிமோட்டை நீந்தவிட்டான். நான் உன்னிடம் போனில் அழாத குறையாகப் புலம்பினேன். நீ வந்து இரண்டு பேரையும் ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போனாய். அந்த வாரம் நானும் அவளும் சோபாவில் உட்கார்ந்து சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த நன்றி இன்னும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ திருப்பி அனுப்பினாயே, அந்த இரண்டு பேர் யார்?

வந்த அன்றே பெரியவள் வாசலில் நின்று, செருப்பை ஜோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அது என் கெட்ட நேரம். மறுநாள் காலையில் நான் பல் தேய்க்கும் நேரத்தில், அவளும் உருண்டையுமாக எங்கள் குடியிருப்பின் எல்லா மாடிக்கும் ஏறி இறங்கி, வாசலுக்கு வாசல் கிடந்த செருப்பு, ஷூ எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, கீழே நுழைவாயிலில் வரிசையாக வைத்துவிட்டார்கள். ஜோடி மாறவில்லை, அதில் நீ நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். ஆனால் யாருடையது எது என்று பார்த்தா அடுக்கினார்கள்? சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கினார்கள். ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் பத்துக் குடும்பம் அந்த வரிசைக்கு முன்னால் குனிந்து நின்றது. கீழ்வீட்டு வங்கி அதிகாரி கறுப்பு ஷூ இரண்டு ஜோடியும் ஒன்றுபோல இருந்ததால் மேல்வீட்டுக்காரருடையதைப் போட்டுக்கொண்டு போய், சாயங்காலம் நொண்டிக்கொண்டே வந்து என் வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்த பெரியவள் அவர் காலைப் பார்த்துவிட்டு, "வெளியே கழட்டிட்டு வாங்க, அங்கிள்" என்றாள்.

சரி, போகட்டும், குழந்தைதானே என்று விட்டேன். அப்புறம்தான் கரண்டி வெளியே வந்தது. உன் பள்ளியில் மணி அடிப்பதுபோல் தட்டில் கரண்டியால் தட்டுவாயாமே. இப்போது என் வீட்டிலும் கரண்டி பேசுகிறது. ஒரு தட்டு தட்டினால் கை கழுவ வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் வாயில் விரல் வைக்க வேண்டும். நீளமாகத் தட்டினால் எல்லோரும் படுக்க வேண்டும். நான் வேலையாக இருக்கிறேன் என்றால், "அத்தை வீட்ல அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்கிறாள். எதிர்த்துப் பேசினால் யோசனை நாற்காலி. அந்த நாற்காலியைக் கண்டுபிடித்த புண்ணியவதி நீதானே? தப்பு செய்தவர்கள் மூலையில் அதில் உட்கார்ந்து, செய்த தப்பைப் பற்றி யோசிக்க வேண்டுமாம். என் வீட்டில் அதில் அதிகம் உட்கார்ந்திருப்பது நான்தான்.

போன வாரம் நடந்ததைக் கேள். தாகம் தாங்காமல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாட்டிலை வாயில் வைத்துக் குடித்துவிட்டேன். என் வீடு, என் பாட்டில், என் வாய். பெரியவள் பார்த்துவிட்டாள். நாற்காலியைக் காட்டினாள். பாதியில் எழுந்தால் உருண்டை ஓடிவந்து மடியில் ஏறி உட்கார்ந்துவிடுவான், அதுதான் அவனுக்குக் கொடுத்திருக்கும் உத்தியோகம். அவன் எடை உனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து என் மேலாளர் போன் செய்தார். மேசையிலிருந்த போனைப் பெரியவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா யோசிச்சிட்டு இருக்காங்க."

அவர் பாவம், வேலையைப் பற்றி என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லதும்மா. எதைப் பத்தி?" என்றார்.

"அவங்க செஞ்ச தப்பைப் பத்தி."

அவர், "என்ன தப்பு? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்று போனை வைத்துவிட்டார். வைத்த கையோடு நான் அனுப்பிய வரைபடத்தை எடுத்துத் துருவித் துருவிப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டில் ஒரு குளியலறைக்கு நான் கதவே வைக்கவில்லை. நாலு பக்கமும் சுவர். அதுவரைக்கும் அது யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. இப்போது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். "உங்க பொண்ணு நல்லா இருக்காளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது மதியத் தூக்கம்.

இந்தக் கொளுத்துகிற வெயிலில் எங்கள் ஏசி நின்றுபோனது. ஆளைப் பிடித்து, கெஞ்சி, வரவழைத்தேன். ஆறடி உயரம், ஆஜானுபாகுவான மெக்கானிக். தோளில் ஏணி, கையில் கருவிப்பை. அவர் ஏணியைச் சாத்தி முதல் படியில் கால் வைக்கிறார், கரண்டி நீளமாகத் தட்டுகிறது. கூடத்தில் விரிப்புகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் பெரியவள் வந்து நின்றாள்.

"மாமா, படுங்க."

"பாப்பா, மாமாவுக்கு வேலை இருக்கு."

"எல்லாருக்கும்தான் வேலை இருக்கு. படுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? உருண்டை ஒரு தலையணையை இழுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டு, அதைத் தட்டித் தட்டிக் காட்டினான். சும்மா ஒரு நிமிஷம் குழந்தைக்காகப் படுக்கிறேன் என்று படுத்தவர்தான், கண்ணாடி ஜன்னல் அதிர்கிற மாதிரி குறட்டை. சாயங்காலம் என் மனைவி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, நான், உருண்டை, பெரியவள், முன்பின் தெரியாத ஒரு மனிதர் என்று வரிசையாகக் கிடக்கிறோம்.

"இவர் யாரு?" என்று என் காதில் கேட்டாள்.

"ஏசி மெக்கானிக்."

"ஏன் தூங்கறார்?"

"எல்லாரும் தூங்கறோம்ல."

அவர் எழுந்து, கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி ஒரு தூக்கம் தூங்கினதில்லை என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். நேரமாகிவிட்டது, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று போனார். மறுநாள் வந்தார், சரியாகக் கரண்டி தட்டும் நேரத்துக்கு வந்தார், வீட்டிலிருந்து சொந்தத் தலையணையோடு வந்தார். ஏசி இன்னும் ஓடவில்லை.

ஆக, இந்த வெயிலில் எங்களுக்கு இருப்பது கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி. அதற்கு நேர் கீழே படுப்பதற்குத்தான் இப்போது இந்த வீட்டில் போட்டியே. இங்கேதான் அக்கா, என் வயிறு எரிகிற விஷயம் வருகிறது. அந்த இடத்தில் பெரியவள் தினமும் ஒரு விரிப்பைப் போடுகிறாள். இருப்பதிலேயே மெத்தென்று இருக்கும் நீலப் பூப்போட்ட விரிப்பு. சுருக்கம் இல்லாமல் இழுத்துவிடுகிறாள், தலையணையை வைக்கிறாள். அதில் யாரையும் படுக்கவிடுவதில்லை. முதல் நாள் எனக்குத்தான் போட்டிருக்கிறாள், என்ன இருந்தாலும் அப்பா இல்லையா என்று மனசு குளிர்ந்து போய்ப் படுத்தேன். முதுகு விரிப்பில் பட்டுக்கூட இருக்காது.

"எந்திரிங்கப்பா. அது அத்தையோடது. நீங்க சுவரோரம் படுங்க."

அன்றைக்கு என் மனைவி வந்து, காலை நீட்டலாம் என்று அதில் உட்காரப் போனாள். தூங்கிக்கொண்டிருந்த பெரியவள் கண்ணைத் திறக்காமலே, "அம்மா, அது அத்தையோடது" என்றாள். மெக்கானிக் மாமாவுக்கும் அந்த இடம் கிடையாது. உருண்டை உருண்டுபோய் அதில் கால் வைத்தால்கூட இழுத்து இந்தப் பக்கம் போடுகிறாள். இல்லாத ஒருத்திக்கு விசிறிக்கு நேர் கீழே இடம், பெற்ற தகப்பனுக்குக் காற்றே வராத சுவரோரம். ஒரு வாரம் உன்னிடம் இருந்ததற்கே எனக்குச் சுவரோரம் என்றால், மீதி லீவு முழுக்க அனுப்பினால் எனக்கு வாசல்படிதான் மிஞ்சும். நான் ராத்திரி பகல் தூக்கிச் சுமந்தவன். பல் முளைத்தபோது என் தோளைத்தான் கடித்தாள், உன் தோளை இல்லை. எனக்குப் பொறாமை என்று நீ சொல்வாய். ஆமாம், பொறாமைதான். சொல்லிவிட்டுப் போ.

ஆகவே தீர்மானமாக எழுதுகிறேன். பிள்ளைகளை அனுப்புவதாக இல்லை. நீயும் கொஞ்ச நாளைக்குப் போனில் அவளிடம் பேசாமல் இருந்தால் நல்லது. நான் அப்பா என்பது அவளுக்கு மெதுவாக ஞாபகம் வரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் வெளியே அலையாதே. உன் தம்பி மனைவி அண்ணியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பிள்ளைகள் இரண்டு பேரும் முத்தங்களை அனுப்பச் சொல்லி நச்சரிப்பதால் வேறு வழியில்லாமல் அனுப்புகிறேன்.

கோபம் தீராத,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கரண்டி தட்டியது. போய்ச் சுவரோரம் படுத்தேன். உருண்டை தூங்கிவிட்டான். பெரியவள் தூங்காமல் அந்தக் காலி விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் நகர்ந்து வந்து கேட்டாள்.

"அப்பா, அத்தை இப்ப தூங்கறாங்களா?"

"தூங்குவாங்க. நீ தூங்கு."

"எப்படித் தூங்குவாங்க? நாங்க பக்கத்துல படுத்தாத்தான் அவங்களுக்குத் தூக்கமே வருமாம். அத்தையே சொன்னாங்க. நாங்க இங்க இருக்கோமே."

இதற்குத்தானா தினமும் அந்த விரிப்பு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது உங்களைப் படுக்க வைக்க அத்தை சொன்ன பொய்டா என்று விளக்க வாயைத் திறந்தேன். மத்தியானம் படுத்தால் கண்ணே மூடவில்லை என்று நேற்று நீ போனில் சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்று எழுதியதில் மாற்றம் இல்லை. நீ புறப்பட்டு வா. பள்ளி திறக்கும் வரை இங்கேயே இரு. அதற்கு அப்புறமும் இரு. கரண்டி கொண்டுவர வேண்டாம், இருக்கிறது. விரிப்பை மடிக்காமல் வைத்திருக்கிறோம். வெயில் இங்கேயும் அதேதான், ஏசியும் கிடையாது. ஆனாலும் தூக்கம் வரும். வா.