மூன்று பேட்டரிகளின் ஆயுள்

கல்யாணத்துக்கு மூன்றே நாள் இருக்கும்போது, புவனேஸ்வரனின் கேமரா ‘இந்த பேட்டரியை அடையாளம் தெரியவில்லை’ என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்தது.

நாலு வருஷமாகக் கூடவே இருந்த பேட்டரியை அடையாளம் தெரியவில்லையாம். அவனிடம் மூன்று இருந்தன. மாற்றி மாற்றிப் போட்டான். ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. சார்ஜரில் செருகினால் சிவப்பு விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது.

வேறு யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் எடுப்பதாக இருந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பான். இது புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் அவனுடைய சூப்பர்வைசர் பழனியப்பனின் மகள் லோகேஸ்வரியின் கல்யாணம். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் குடியிருக்கும் புவனேஸ்வரன், பதினோரு வருஷமாகத் தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி அக்கரைக்கு வேலைக்குப் போகிறான். மழையும் லாரியும் அவனை அரைத்து எடுத்துவிட்டன. தீவுப் பக்கம் இருக்கும் கிளைக்கு மாற்றல் கேட்டு அவன் கொடுத்த மனு, பழனியப்பனின் மேசையில் ஆறு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“படத்த நல்லா புடிச்சுக் குடு தம்பி. ஒன் பேப்பர நான் பாத்துக்கறேன்லா” என்று அவர் சொல்லியிருந்தார்.

“முகம் ஏன் இப்படித் தொங்குது?” என்றாள் வேலை முடிந்து வந்த மனைவி தனுஜா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“பேட்டரி போச்சு.”

“மூணுமா? ஆயுத பூஜையில நல்லாத்தான இருந்துச்சு?”

நன்றாகத்தான் இருந்தன. மூன்றையும் ஃபுல்லாக சார்ஜ் ஏற்றி, மோட்டார் சாவி, மிக்ஸி எல்லாவற்றோடும் சாமி முன்னால் வைத்து, நீண்ட ஆயுள் வேண்டிச் சந்தனமும் குங்குமமும் தன் கையாலேயே இட்டான். தனுஜா அவசரத்தில் ஏனோதானோவென்று வைப்பாள் என்று அவளை விடவில்லை. மறுநாள் துணியால் துடைத்துப் பையில் போட்டவன், மூன்று வாரம் தொடவேயில்லை. அதுதான் தப்பு என்று இப்போது போனில் படித்தபோது தெரிந்தது. ஃபுல் சார்ஜோடு பேட்டரியைச் சும்மா போட்டு வைத்தால் அதன் ஆயுள் குறையுமாம். பாதி சார்ஜில், கேமராவிலிருந்து கழற்றி, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டுமாம்.

“நாந்தான் கொன்னுட்டேன் தனு” என்றான்.

“கொன்னவரே காப்பாத்துங்க. நான் குளிக்கப் போறேன்.”

பினாங்கு வெயிலில் அந்த வீட்டில் இருந்த ஒரே குளிர்ந்த இடம் ஐஸ்பெட்டி. பேட்டரிகளைக் காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, ரசத்துக்குப் பக்கத்தில் வைத்தான். காலையில் தனுஜா ஆசையாக டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, கோபத்தில் அதை மேசைமேல் திறந்தபடியே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவன் எழுந்து வந்தபோது மூன்றும் முத்துமுத்தாக வேர்த்திருந்தன. கொஞ்சமாவது ஓடிக்கொண்டிருந்த ஒன்றும் இப்போது ஓடவில்லை.

ஈரத்தை எடுக்க வேண்டும். போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாரும் செய்வதையே அவனும் செய்தான். அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

சாயங்காலம் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க, இன்னிக்குச் சோத்துக்கு எத்தன பர்சென்ட் சார்ஜ் ஏத்தணும்?”

அவள் கையிலிருந்த அரிசி டம்ளரில் ஒரு பேட்டரி எட்டிப் பார்த்தது. மற்ற இரண்டையும் அவன் தோண்டி எடுத்தான். மூன்றும் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தன. ஊதினான், சட்டையில் தேய்த்தான். சார்ஜரில் இப்போது விளக்கே எரியவில்லை.

சனிக்கிழமை கடை கடையாக அலைந்தான். அந்த மாடல் இப்போது வருவதில்லை என்றார்கள். ஆர்டர் கொடுத்தால் ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். ஒரு வாரத்தில் லோகேஸ்வரி தேனிலவே போய்விட்டு வந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போகும்போது அவனிடம் மிச்சமிருந்தது சாமி நம்பிக்கை மட்டும்தான். மூன்றில் ஒரு பேட்டரியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் மட்டும் கேமரா ஓடியது. அப்படியே மாப்பிள்ளை அழைப்பை எடுத்தான், மாலை மாற்றியதை எடுத்தான். விரல் மரத்துப்போனது. கெட்டிமேளம் முழங்கியபோது கேமராவும் கண்ணை மூடிக்கொண்டது.

மாப்பிள்ளை தாலியை எடுத்துவிட்டார். பழனியப்பன் கண்கலங்கி நின்றபடி அவனைப் பார்த்து, ‘எடு, எடு’ என்று கையசைத்தார்.

மேலே மாட்டியிருந்த ஃப்ளாஷுக்குத் தனியாக நாலு பென்சில் பேட்டரி உண்டு. அதில் சோதித்துப் பார்க்க ஒரு பட்டனும் உண்டு. புவனேஸ்வரன் செத்த கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்தினான். பளீர். இன்னொன்று, பளீர். குனிந்து ஒன்று, முட்டி போட்டு ஒன்று. எதிரே அட்சதையோடு நின்ற பெண்கள் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக அவன் எதையும் செய்ததில்லை.

பழனியப்பன் வந்து தோளைத் தட்டினார். “என்ன உழைப்பு தம்பி! நாளைக்கு அந்தத் தாலிப் படத்தக் கொண்டாந்து காட்டு. அங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன்.”

புவனேஸ்வரனுக்கு அழுகை வந்தது. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடியோக்காரன் ஹைதர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான்.

“அலாமாக்! அப்ப அந்த வெளிச்சமெல்லாம்?”

“வெறும் வெளிச்சம் தம்பி. ஒன் வீடியோவுல தாலி கட்டுனது இருக்கும்ல? அதுலேர்ந்து ஒரு படம் எடுத்துக் குடேன்.”

ஹைதர் கையைக் கழுவிவிட்டு வந்து, வீடியோவை ஓட்டிப் பார்த்தான். மாப்பிள்ளை கை கழுத்தருகே போனது. திரை வெள்ளை. முடிச்சு விழுந்தது. திரை வெள்ளை.

“பாதி இடத்துல ஒங்க ஃப்ளாஷ்தாண்ணே அடிக்குது. நடுவுல தேடினா ஒண்ணு தேறும்லா, கவலப்படாதீங்க. மொதல்ல அந்த பேட்டரியக் குடுங்க.”

“அது செத்துப் போச்சு தம்பி. நாலு வருஷம் ஒழைச்சிடுச்சு, பாவம். ஐஸ்ல வச்சேன், அரிசியில வச்சேன். ஒண்ணும் கேக்கல.”

ஹைதர் பேட்டரியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பல் குத்தும் குச்சி ஒன்றை எடுத்து அதன் முனையிலிருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாகக் குடைந்தான். மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டிகள் இலையில் உதிர்ந்தன. ஒன்றை விரலில் ஒற்றி மூக்கருகே கொண்டுபோனான். பிறகு பேட்டரியைக் கேமராவில் போட்டு ஸ்விட்சைத் திருகினான். திரையில் சார்ஜ் கோடுகள் எல்லாம் நிரம்பி நின்றன.

“பேட்டரி சாகலண்ணே, ஃபுல்லாதான் இருக்கு, யாரோ பக்தியோட கரண்டு வர்ற வழியிலயே சந்தனப் பொட்டு வச்சு அடைச்சிருக்காங்க.”