ஒரே அளவில் அறுபது அண்டா

நகைக்கடையிலிருந்து வாடிய முகத்தோடு வந்த ஒருவர், எங்கள் மாமா கடையில் ஒரு பித்தளை அண்டாவை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்த முகமாக இறங்கிப் போனார். அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

கடை என் தாய்மாமன் பாண்டியுடையது. மதுரையில் மாசி வீதியை ஒட்டிய சந்தில், பித்தளைப் பாத்திரம் மட்டும் விற்கிற குறுகலான கடை. நான் அப்போது எம்.எஸ்சி. புள்ளியியல் தேர்வு எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். தல்லாகுளத்தில் எங்கள் வீட்டில் இருந்தால் அப்பா வங்கித் தேர்வுப் புத்தகத்தை நீட்டுவார் என்பதால், பகல் முழுக்க மாமா கடையில் ஃபேனுக்கு அடியில் ஒளிந்திருந்தேன்.

அண்டா வாங்கிய மனிதர் மாமாவிடம் சொன்னது இதுதான்: "அக்கா மகளுக்குக் காதுகுத்துண்ணே. தங்கம் எட்ட மாட்டேங்குது. ஒரு பவுன் போட நினைச்சேன், அரைப் பவுனோட நிறுத்திக்கிட்டேன். சபையில நிறைவாத் தெரியணும்ல, நல்லாப் பெருசா ஒரு அண்டா குடுங்க."

தாய்மாமன் சீர் என்பது ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போகிற பொருள். அரைப் பவுன் கம்மல் நாலாவது வரிசைக்குத் தெரியாது. அண்டா மண்டபத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றுகிறவருக்கே தெரியும். ஆகவே தங்கம் ஏறினால் அண்டா நகரும். பங்குச் சந்தையில் பெரிய ஆட்கள் எல்லாம் தேடிக்கொண்டிருக்கும் ரகசியம் எனக்கு ஒரு பாத்திரக்கடை ஸ்டூலில் கிடைத்துவிட்டது. (அடக்கமாகத்தான் நினைத்தேன், நம்புங்கள்.)

நான் படித்த பாடத்தில் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. கோப்புலா என்று பெயர். எங்கள் அம்மா அப்பாவை வைத்துச் சொன்னால் எளிது. அப்பாவின் குணம் ஒன்று, அம்மாவின் குணம் ஒன்று. இருவரையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் கிளம்பினால் மற்றவரும் கிளம்புவாரா என்பது மூன்றாவது சமாச்சாரம். சாதாரண நாளில் இவர் கிழக்கே போனால் அவர் மேற்கே போவார். சொந்தத்தில் ஒரு சாவு என்றால் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். அந்த மூன்றாவது சமாச்சாரத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்காக்குவதுதான் கோப்புலா. சந்தையில் ஒரு பங்கு விழுந்தால் இன்னொன்றும் சேர்ந்து விழுமா என்று பார்க்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சாதாரண நாளில் இருக்கும் உறவு வேறு, உச்சமான நாளில் இருக்கும் உறவு வேறு என்பதுதான் இதில் உயிரான பாடம். அந்த வகுப்புக்கு நான் போகவில்லை. (பொங்கல் விடுமுறையை நானே இரண்டு நாள் நீட்டியிருந்தேன்.)

மாமாவின் ஐந்து வருட பில் புத்தகங்களை உட்கார்ந்து லேப்டாப்பில் ஏற்றினேன். பக்கத்தில் தங்கத்தின் விலை. ஓடவிட்டேன். விலை ஏற ஏற அண்டாவும் கூடவே ஏறியது. புள்ளிகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன.

"மாமா, இது மட்டும் பலிச்சா எனக்கு ஒண்ணு செய்யணும்" என்றேன்.

"என்ன, வண்டி வேணுமா?"

"வேணாம். நான் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகணும். அப்பாகிட்ட நீங்க பேசணும்."

அப்பாவை எதிர்த்துப் பேசிவிட்டு எங்கள் வீட்டில் காபியும் குடித்துவிட்டுப் போகக்கூடிய ஒரே ஆள் பாண்டி மாமா. அவர் யோசித்தார். "பலிச்சாப் பேசுறேன் மருமகளே. பலிக்கலைன்னா நீ பேங்குப் பரீட்சை எழுதணும். சரியா?"

சரி என்றேன். பலிக்காமல் எங்கே போகும்?

அந்த மாதமே தங்கம் எகிறியது. ஏறியது என்று சொல்ல முடியாது. டிவியில் விலை வாசிக்கிற பெண்ணே ஒரு முறை நிறுத்தி, தாளைப் பார்த்துக்கொண்டார். நான் எண்களை உள்ளே போட்டேன். வழக்கமாக மாதம் பத்து அண்டா விற்கிற கடையில் இந்த மாதம் அறுபது விற்கும் என்று வந்தது. எந்த அளவு அதிகம் போகும் என்றும் போட்டுப் பார்த்தேன். இருபது லிட்டர் பிடிக்கிற அளவு. அறுபதையும் அந்த அளவிலேயே பட்டறையில் சொல்லச் சொன்னேன்.

மாமா தயங்கினார். "நாலு அளவுலயும் கலந்து வாங்கிப் போட்டாத்தானத்தா நல்லது?"

"மாமா, மனசு சொல்றத கேக்காதீங்க. டேட்டா சொல்றத கேளுங்க."

இந்த வாக்கியத்தைச் சொன்ன வாயை இன்றும் கண்ணாடியில் பார்க்கக் கூசுகிறது.

அவனியாபுரம் பட்டறையிலிருந்து குட்டியானை வண்டியில் அறுபது அண்டாவும் வந்து இறங்கின. கடையில் பதினைந்துக்கு மேல் இடமில்லை. மிச்சம் நாற்பத்தைந்தும் தல்லாகுளத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தன. அப்போதுதான் மாமா ஏன் தயங்கினார் என்று புரிந்தது. வேறு வேறு அளவென்றால் ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு நாலைந்து அடுக்காக மூலையில் நிறுத்திவிடலாம். எல்லாம் ஒரே அளவென்றால் ஒன்றும் எதற்குள்ளும் போகாது. மாடிப்படியில் படிக்கு ஒன்று. பால்கனியில் எட்டு. குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டை நகர்த்தி, திரும்பி வரும்போது அதே இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். லோடு இறக்கிய அண்ணன் கிளம்பும்போது அம்மாவிடம், "விசேஷம் என்னைக்குக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எதிர்வீட்டில் நாங்கள் கேட்டரிங் ஆரம்பிக்கப்போவதாகவே முடிவு செய்து, மகன் நிச்சயதார்த்தத்துக்கு ரேட் விசாரித்தார்கள்.

அப்பா அலுவலகம் முடிந்து வந்தார். வாசலில் நின்றார். ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தேடி, கடைசியில் ஓர் அண்டாவுக்குள் வைத்தார்.

மறுநாளிலிருந்து நான் நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு கடை வாசலில் கூட்டத்தை எதிர்பார்த்து நின்றேன். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒருவர் வந்து, சில்லறை கேட்டார். ஒரு வாரம் போனது. மாமா ஒவ்வொரு அண்டாவாகத் துடைத்து வைப்பார். மறுநாள் மறுபடியும் துடைப்பார். பளபளப்பு கூடிக்கொண்டே போனது, வியாபாரம் மட்டும் இல்லை.

ஒன்பதாம் நாள் பேரையூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நான் பாய்ந்து போய், "காதுகுத்துச் சீரா? வாங்க, எத்தனை அண்டா?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணும்மா" என்றார் அவர்.

"தங்கம் இம்புட்டு ஏறியிருக்கே. கூட ரெண்டு அண்டா வச்சாத்தானே சபையில நிறைவா இருக்கும்?"

அந்த அம்மாள்தான் பதில் சொன்னார். "கொஞ்சம் ஏறுனாத்தான் பாப்பா அண்டாவ வச்சு நிரவுவோம். இம்புட்டு ஏறுனா விசேஷத்தையே தள்ளிப் போட்டுருவோம்ல. இவுகளுக்கு மூணு அக்கா. மூணு வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேத்து ஒரே நாள்ல குத்தியாச்சுன்னா ஒரு மண்டபம், ஒரு பந்தி, ஒரு அண்டா."

"மூணாவது அக்காவுக்கு இன்னும் பிள்ளையே பொறக்கல" என்றார் அவர் வருத்தத்தோடு. "அதுக்கும் சேத்து நிப்பாட்டி வச்சிருக்கோம்."

"அப்ப இது எதுக்கு?"

"வீட்டுக்கும்மா. தண்ணி வரமாட்டேங்குது."

அவர்கள் போன பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். தரவைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நானே நீக்கிய சில வாரங்கள் இருந்தன. அந்த வாரங்களில் ஒரு பில்கூட இல்லை. கடை லீவாக இருக்கும் என்று நினைத்து அழித்திருந்தேன். இப்போது தேதிகளைப் பார்த்தால், தங்கம் தலைகால் தெரியாமல் எகிறிய வாரங்கள் எல்லாம் அவைதான்.

"மாமா, இந்தத் தேதியில எல்லாம் கடை லீவா?"

மாமா துணியைக் கீழே வைத்தார். "நான் என்னைக்குக் கடைக்கு லீவு விட்டேன்? என் கல்யாணத்தன்னைக்கே சாயங்காலம் வந்து திறந்தேன். உங்க அத்தை இன்னமும் அதைச் சொல்லித்தான் சோறு போடுறா."

எனக்கு வேண்டிய பதில் முழுக்க ஆள் வராத அந்த வாரங்களில்தான் இருந்தது. அவற்றை மட்டும் தேடிப் பிடித்து அழித்திருக்கிறேன். மிச்சம் இருந்த புள்ளிகள் வரிசையில் நிற்காமல் வேறென்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒப்பந்தப்படி என்னை வங்கித் தேர்வுக்கு ஒப்படைக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, மாடிப்படியில் இரண்டு அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன்.

"அத்தான்" என்று ஆரம்பித்தார் மாமா. "பிள்ளை மேல தப்பில்ல. நாந்தான் சரின்னு சொன்னேன். அண்டா எங்கயும் ஓடிராது, ஆவணி பிறந்தா கொஞ்சம் கொஞ்சமா வித்துருவேன். ஆராய்ச்சிக்குப் போகணும்னு ஆசப்படுறா..."

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "நீ ஒண்ணும் பேச வேணாம் பாண்டி. நானே யோசிச்சுட்டேன். வீட்ல இவ போட்ட ஒரு கணக்குக்கே பத்து நாளாக் குளிக்கப் போக வழியில்லாமப் போச்சு. இவள ஒரு பேங்குல உக்கார வச்சா, பணம் போட்ட மக்க கதி என்ன? காலேஜ்ல வச்சு அவ என்ன தப்பு வேணும்னாலும் பண்ணட்டும். அங்க தப்பு பண்ணா அதுக்கும் ஒரு பட்டம் குடுப்பாய்ங்க."

இப்படியாக, நான் சொன்னது பலித்ததால் அல்ல, பலிக்காததால் எனக்கு ஆராய்ச்சிப் படிப்பு கிடைத்தது.

ஆவணியிலும் தையிலுமாக மாமா பெரும்பாலானவற்றை விற்றுவிட்டார். எங்கள் பரணில் இன்னும் பதினொன்று இருக்கின்றன. அவற்றை விற்க மாட்டாராம். "என் மருமகளுக்குச் சீரு தயார், மாப்பிள்ளை மட்டுந்தான் பாக்கி" என்று போகிற கல்யாணத்தில் எல்லாம் சொல்லிவைக்கிறார். டிவியில் தங்கம் விலை வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் பரணைத்தான் பார்க்கிறார்கள்.

என் ஆராய்ச்சித் தலைப்பும் அங்கிருந்து வந்ததுதான். விலை உச்சத்துக்குப் போகும்போது ஜனங்கள் எதை வாங்காமல் விடுகிறார்கள் என்பது. வாங்கியதற்கு பில் இருக்கும், வாங்காததற்கு ஒரு சீட்டும் இருக்காது. அதனால் கடை கடையாக ஏறி, ஆள் வராத நாட்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளப்போகிறேன். திங்கட்கிழமை முதல் கடை, மாமாவின் நண்பர் ஒருவரின் ஜவுளிக்கடை. மாமாவே அவரிடம் போனில் பேசி ஏற்பாடு செய்துவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"என் மருமக வாரா. எம்புட்டுக் கேட்டாலும் ஒளிக்காமச் சொல்லு. அவ சொன்னான்னு மட்டும் எதையும் வாங்கிப் போட்டுறாத."